கறுப்புத் திரையில் ஒரு நட்சத்திரம்

"இன்னா சார் இது? ராயபுரம் பூரா படம் ஓடுது. எங்க வூட்ல மட்டும் கறுப்பா கீது."

"மத்த சேனல் எல்லாம் வருதா?"

"அதெல்லாம் யார் பார்த்தா? எனக்கு ஏழு மணி நாடகம் ஒண்ணுதான். அதை நிறுத்தினவன் யாருன்னும் எனக்குத் தெரியும்."

"யாரு?"

"உங்க லைன்மேன். முதஸ்ஸிர். என் பொண்ணை இட்டுகினு போனவன்."

காலையில் அலுவலகத்துக்குப் புகாரோடு வந்த அருள்நாதனுடன் நடந்த இந்தப் பேச்சுதான், மாலையில் ஹெப்சிபாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போதும் ராசையாவின் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. ஸ்கூட்டர் அவற்றுக்கு நடுவே ஊர்ந்தது. புழுதியில் அவருக்குக் கண் எரிந்தது.

ரயில்வே போலீசில் ஓய்வு பெற்ற ராசையா, இந்த டிவி சேவை கம்பெனியில் புகார் விசாரணைக்கென்று சேர்ந்தபோது, நிழலில் உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றுதான் நினைத்தார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அந்த நினைப்பு போயிற்று. சேனல் குழுமம் அதிகக் கட்டணம் கேட்டது, கம்பெனி தர மறுத்தது. ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு சேனல்கள் இருண்டன. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஓர் அறிவிப்பு மட்டும் நின்றது: 'கட்டணப் பேச்சுவார்த்தை நடைபெறுவதால் இந்தச் சேனல் தற்காலிகமாக இல்லை. வருந்துகிறோம்.' பொங்கலுக்கு இரண்டு பக்கமும் கைகுலுக்கிக்கொண்டன. வாங்கிய வசவெல்லாம் ராசையாவிடம் தங்கிவிட்டது.

சமரசத்துக்குப் பிறகும் யாராவது சேனலை வேண்டுமென்றே தடுத்தால் உடனே வேலைநீக்கம் என்று தலைமை அலுவலகம் உத்தரவு போட்டிருந்தது. அருள்நாதனின் புகாரைப் பற்றி இன்று இரவுக்குள் ராசையா பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் முதஸ்ஸிரின் வேலை போய்விடும்.

"மாமனார் மேல கோவம், கட் பண்ணிட்டாரு. அவ்ளோதான் சார் கேசு," என்றாள் ஹெப்சிபா. விம்கோ நகர்ப் பெண். ராசையாவின் உதவியாளராகச் சேர்ந்த நாளிலிருந்து எந்த வழக்கையும் வண்டி நிற்பதற்குள் முடித்துவிடுவாள்.

"ஒரே ஒரு சேனலை மட்டும் ஒரு வயரை வெட்டி நிறுத்த முடியுமா?"

"முடியாதுல்ல?" ஒரு லாரியைச் சுற்றிக்கொண்டு போனாள். "அப்ப ஆபீஸ் கம்ப்யூட்டர்லேந்து."

"அதைக் காலையிலயே பார்த்துட்டேன். அங்க இவங்க வீட்டுக்கு எல்லாமே திறந்துதான் இருக்கு."

அருள்நாதனின் வீடு மாதா கோயிலுக்குப் பின்னால், மாடியில் இருந்தது. படிக்கட்டுத் திருப்பத்தில் முதஸ்ஸிர் காத்திருந்தான். சட்டைப் பையில் டெஸ்டர், முகத்தில் கவலையின் கறுப்பு.

"இந்தச் செவுத்துப் பெட்டி வரைக்கும் சிக்னல் சுத்தமா கீது சார். உள்ள போய்ப் பார்த்தா அஞ்சு நிமிசத்துல கண்டுபுடிச்சிடுவேன். மாமா வாசப்படி தாண்ட வுட மாட்டேன்றாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கல்யாணம் ஆன நாள்லேந்து இப்டித்தான். இந்த வேலையும் பூட்டா, என்னை நம்பிக் கட்டிகினு வந்த ஜூடி மூஞ்சில எப்டி சார் முழிப்பேன்?"

"இங்கயே இருப்பா. கூப்பிடுறேன்."

உள்ளே ஜெபமாலை நடந்துகொண்டிருந்தது. ராசையா செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்வரிசைக்காரர் மாதிரி ஓரமாக நின்றுகொண்டார். அருள்நாதன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். குரல் இன்னும் கப்பல் மேல்தளத்துக்குக் கேட்பதுபோலத்தான் இருந்தது. அவர் மனைவி ஆலிஸின் குரல் அதன் நிழலில் நடந்தது.

ஜெபம் முடிந்ததும் அருள்நாதன் நாற்காலியில் சாய்ந்தார். ஆலிஸ் டிவியைப் போட்டு, பொத்தான்களை அழுத்தி, ரிமோட்டை அவர் கையில் கொடுத்தார். கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து. வருந்துகிறோம்.

"பார்த்தியா சார், இதான் என் பேஜாரு," என்றார் அருள்நாதன்.

"எப்பவும் அம்மாதான் டிவி போடுவாங்களா?"

"ரிமோட்ல எனக்குத் தெரிஞ்சது சத்தம் கூட்டுற பொத்தான் ஒண்ணுதான். மத்ததெல்லாம் இவ டிபார்ட்மென்ட்டு. கோயில் பாடற்குழுவுக்குப் பாட்டெல்லாம் இவதான் ஏத்திக்கினு வருவா, இதுலயே போட்டுப் பழகுவா."

"முதஸ்ஸிர் இதைச் செஞ்சிருப்பார்னு நீங்களும் நினைக்கிறீங்களாம்மா?"

"அந்தப் பிள்ளை செய்யல," என்றார் ஆலிஸ், புடவைத் தலைப்பைத் திருகியபடி. 'செய்திருக்காது' என்று ஊகமாக அவர் சொல்லவில்லை. ராசையா அதை மனதில் வாங்கிக்கொண்டார்.

ஹெப்சிபா திரைக்கு அருகே போய்க் குனிந்து பார்த்தாள். மேல்மூலையில் சிவப்பாக ஒரு மங்கலான வடிவம். துப்பட்டாவால் துடைத்தாள். அது போகவில்லை.

"கறை இல்ல சார். ஜன்னல்ல மாட்டின ஸ்டாரு கண்ணாடியில தெரியுதாட்டம் கீது."

ராசையா திரும்பி ஜன்னலைப் பார்த்தார். வெறும் கம்பியும் கொக்கியும்தான் இருந்தன. பீரோவின் மேல், பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்த சிவப்புக் காகித நட்சத்திரம் கிடந்தது.

"நட்சத்திரத்தை எப்ப இறக்கினீங்க?"

"ஜனவரி ஆறு, மூணு ராஜாக்கள் திருநாள் ராத்திரியே. அதுக்கப்புறம் ஒரு நாள் கூட வுட மாட்டேன். எங்கப்பா காலத்துலேந்து அப்டித்தான்," என்றார் அருள்நாதன். அதில் அவருக்கு ஒரு பெருமை.

ராசையா போய் டியூப் லைட்டை அணைத்தார். திரையில் தெரிந்த அவருடைய உருவமும் ஹெப்சிபாவின் உருவமும் நாற்காலியும் மறைந்தன. நட்சத்திரம் மறையவில்லை. அறிவிப்புக்கு மேலே, இருட்டில், அது தனியாக எரிந்துகொண்டிருந்தது.

"இன்னா சார் இது, பேய் மாதிரி?" ஹெப்சிபாவின் குரல் இறங்கிவிட்டது.

ராசையா விளக்கைப் போட்டார். முதஸ்ஸிரை வாசல்வரை வரச் சொன்னார். முதஸ்ஸிர் நிலைக்கு வெளியே நின்றான். அருள்நாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் சுத்தி வளைக்கல. ரொம்ப அலுப்பா இருக்கு," என்று ஆரம்பித்தார் ராசையா. "வயர்ல கோளாறுன்னா எல்லாச் சேனலும் போயிருக்கும். ஆபீஸ்லயும் எதுவும் மூடல. அப்படின்னா இந்த இருட்டு வெளியிலேருந்து வரல, இந்த வீட்டுக்குள்ளயே இருக்கு. கண்ணாடியில தெரியுற நிழல்னா விளக்கை அணைச்சதும் போயிருக்கணும். போகாத நிழல் படத்துக்குள்ள இருக்கிற நிழல். சேனல் நிஜமாவே இல்லாத நாள்ல, ஜன்னல்ல நட்சத்திரம் எரிஞ்சப்ப, யாரோ இந்தத் திரையைப் போன்ல படம் எடுத்திருக்காங்க. நாம பாக்கறது அந்தப் படத்தை."

அவர் டிவிக்குப் பின்னால் கையை விட்டார். வெளியே எடுக்காமலே சொன்னார்: "பென்டிரைவ். பாடற்குழுவோடதுன்னு நினைக்கிறேன்."

அருள்நாதன் மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினார். "ஆலிசு?"

ஆலிஸ் தரையைப் பார்த்தபடிதான் பேசினார். "ஜூடிக்கு அனுப்பத்தான் எடுத்தேன். அப்பாவுக்கு நாடகம் இல்லடி, தவிக்கிறாருன்னு."

"அவளோட பேசுறியா நீ?"

"பேசாம?" ஒரு பெருமூச்சு வந்தது. "நாடகம் நின்னப்பறம்தான் நீங்க வாயைத் தொறந்தீங்க. நாலு வருசமா அவ பேரை எடுத்தாலே சத்தத்தைக் கூட்டிடுவீங்க. சேனல் இல்லாத அந்த நாள்ல ஒருக்கா காசிமேட்டு வஞ்சிரம் வெச்ச அன்னிக்கி, இது ஜூடிக்குப் புடிக்குமேன்னு நீங்களா சொன்னீங்க. இன்னொரு நாள் அவ சின்னதுல கடலோர அலைத்தடுப்புக் கல்லுல வழுக்கி வுழுந்த கதை. சிரிச்சீங்க. இன்னும் ரெண்டு நாள் போனா கேட்டுடலாம்னு தைரியம் சேத்துகினு வந்தேன். பொங்கலுக்குச் சேனலை வுட்டுட்டான். அன்னிக்கே நீங்க பழையபடி ஆயிட்டீங்க. அதான் அந்தப் படத்தையே பென்டிரைவ்ல ஏத்திப் போட்டேன்."

வாசலில் முதஸ்ஸிர் டெஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க இந்தப் பிள்ளை மேல புகார் குடுப்பீங்கன்னு நான் கனவுல கூட நினைக்கல. காலையில வந்து சொன்னீங்களே, அப்பவே வாயைத் தொறந்திருக்கணும். பயந்துட்டேன்." வாசலை நோக்கி, "மன்னிச்சிடுப்பா," என்றார்.

"ஐய, வுடுங்க அத்தை," என்றான் முதஸ்ஸிர்.

ஹெப்சிபா ராசையாவைப் பார்த்தாள். அவர் தலையை அசைத்தார். 'தொழில்நுட்பத் தவறு இல்லை. ஊழியர் மீது குற்றம் இல்லை.' இவ்வளவுதான் அவர் தலைமை அலுவலகத்துக்கு எழுதப் போகிறார். கிளம்பிவிடலாம். ஆனால் கால் நகரவில்லை. ஆலிஸ் நிமிர்ந்து, கணவருக்கு எதிரே போய் நின்றுவிட்டார்.

"இன்னாங்க. ஒண்ணு கேக்கணும்."

பழக்கம்தான். அருள்நாதனின் கட்டைவிரல் தானாக ரிமோட்டைத் தேடி, சத்தம் கூட்டும் பொத்தானை அழுத்தியது. திரையின் அடியில் பச்சைக் கோடு ஏறியது. இன்னும் அழுத்தினார். கோடு கடைசிவரை போய் முட்டி நின்றது. வெறும் படத்துக்கு ஏது சத்தம்? வீடு அமைதியாகவே இருந்தது. அவர் விரலை எடுத்தார்.

"ஜூடியை வூட்டுக்குக் கூப்புடுங்க," என்றார் ஆலிஸ்.