பைலட்டின் கால்கள்

எங்கள் முதல் விமானம் மொத்தம் நான்கு நொடி பறந்தது. மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போனது, கொஞ்சம் யோசித்தது, பொத்தென்று விழுந்தது. வால் பக்கம் கனம் அதிகம், அதுதான் காரணம்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் உட்கார்ந்து இரண்டாவதைச் செய்தோம். நானும் என் வகுப்புத் தோழன் குண்டூசியும்தான். ஒட்டிய பாகங்கள் காயும்வரை குத்திவைக்க, சட்டைக் காலரில் எப்போதும் நாலு குண்டூசி செருகியிருப்பான். அதனால் அந்தப் பெயர்.

"இதுவும் விழுந்துச்சுன்னா, இனிமே நான் விமானத்தைத் தொடவே மாட்டேன்," என்று சொல்லியிருந்தான். அவன் சொன்னால் சொன்னதுதான். அவன் இல்லாமல் ஒரு இறக்கையைக்கூட என்னால் நேராக ஒட்ட முடியாது.

ஞாயிறு காலை விமானத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தோம். சாயங்காலம் பறக்கவிட வேண்டும், அதற்கு முன் எடை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு இறக்கைகளின் அடியிலும் பேனாவால் புள்ளி வைத்திருந்தோம். அங்கே ஆளுக்கொரு விரல் கொடுத்துத் தூக்கினால், விமானம் சாயாமல் நிற்க வேண்டும்.

தூக்கினோம். வால் தொப்பென்று கீழே போனது.

"பேட்டரியை முன்னாடி தள்ளு," என்றான் குண்டூசி.

விமானத்தின் மேல் மூடியைத் திறந்து தள்ளினேன். அதற்கு மேல் தள்ள இடமில்லை. அப்போதும் வால் கீழேதான்.

"நேத்து கொஞ்சம்தானே சாய்ஞ்சுது? ஒரே ராத்திரியில வால் எப்படிப் பெருத்துச்சு?" என்று கேட்டான் குண்டூசி.

மேஜைக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "பைலட் ஏறிட்டாரு."

என் தம்பி. ஆறு வயது.

குண்டூசி மூடி வழியாக உள்ளே கைவிட்டுத் துழாவினான். வால் பக்கத்திலிருந்து வண்ணக் களிமண் பொம்மை ஒன்று வந்தது. தொப்பி, கண்ணாடி, பெரிய பெரிய கால்கள். ஒரு எலுமிச்சம்பழக் கனம் இருக்கும்.

"ஏன்டா அவ்வளவு பின்னாடி வச்ச?" என்று கேட்டேன்.

"முன்னாடி வச்சா நீங்க பார்த்துடுவீங்களே."

"மூணு மாச வேலையைக் கெடுக்கப் பார்த்தியேடா." குண்டூசி பொம்மையைக் குப்பைக்கூடைக்கு மேலே நீட்டினான்.

தம்பி அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "பைலட் இல்லாம எப்படிப் பறக்கும்?" என்று மெதுவாகக் கேட்டான். எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

"இரு குண்டூசி. அவர் இல்லாம ஒரு தடவை தூக்கிப் பார்ப்போம்."

பொம்மையை மேஜையில் வைத்துவிட்டுத் தூக்கினோம். வால் இப்போதும் கொஞ்சம் சாய்ந்தது.

"மூக்குல கனம் சேர்க்கணும்," என்றான் அவன். "எங்க வீட்டுல பழைய நட்டு போல்ட்டு இருக்கும். எடுத்துட்டு வரேன்."

"அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்? கனம் இங்கேயே இருக்கே," என்று பொம்மையைக் காட்டினேன்.

குண்டூசி என்னைப் பார்த்தான், பொம்மையைப் பார்த்தான். "உம்," என்றான். அவன் அகராதியில் அதற்குச் சரி என்று அர்த்தம்.

மோட்டாருக்குப் பின்னால் பைலட்டை உட்காரவைத்துத் தூக்கினோம். இந்தத் தடவை மூக்கு கவிழ்ந்தது.

"உங்க பைலட் நல்லாச் சாப்பிடுவார் போல," என்றான் குண்டூசி. கோபம் பாதி இறங்கியிருந்தது.

"எதைக் குறைக்கலாம்? நீயே சொல்லு," என்று தம்பியிடம் கேட்டேன்.

அவன் பைலட்டை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கால் வேணாம். உக்காந்துதானே ஓட்டப் போறாரு."

இரண்டு கால்களையும் கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். விமானம் எங்கள் விரல்களில் அசையாமல் நின்றது.

அடுத்து ரிமோட். குண்டூசி விமானத்தின் மூக்குக்கு எதிரே நின்று, ரிமோட்டின் குச்சியை வலது பக்கம் தள்ளினான். விமானத்தைத் திருப்புவதற்காக வாலில் இருந்த மடல் ஒரு பக்கம் சாய்ந்தது.

"தப்பு. இடது பக்கம் போகுது," என்று திசை மாற்றும் பொத்தானைத் தட்டினான். "இப்ப சரி."

நானும் தலையாட்டப் போனேன். அப்போதுதான் திறந்திருந்த மூடி வழியாகப் பைலட் கண்ணில் பட்டார். அவர் குண்டூசியை முறைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, பைலட்டோட வலது கை எது?"

தொட்டுக் காட்டினான். அது குண்டூசிக்கு இடது பக்கம்.

"நீ எதிர்ல நின்னு பார்க்கிற. அவர் பக்கம் வந்து பாரு," என்றேன்.

குண்டூசி மேஜையைச் சுற்றி, வால் பக்கம் நின்ற என் அருகே வந்தான். குச்சியை வலது பக்கம் தள்ள, மடல் இடது பக்கம் போனது.

"இப்படியே விட்டிருந்தா, மரத்தை விட்டு விலக்குறேன்னு மரத்து மேலேயே மோதியிருப்பேன்," என்று பொத்தானைப் பழையபடி மாற்றினான்.

சாயங்காலம் மைதானத்தில் காற்றே இல்லை. நான் விமானத்தை வீசினேன், குண்டூசி ஓட்டினான். தம்பி நொடிகளை எண்ணினான். நான்கு தாண்டியது. நாற்பது தாண்டியது. அவனுக்கு நூறுவரைதான் தெரியும் என்பதால் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தான். விமானம் மரத்தை அழகாகச் சுற்றிவந்து புல்லில் இறங்கியது.

நான் தூக்க ஓடினேன். குண்டூசி என்னைத் தடுத்தான்.

"இரு. முதல்ல பைலட் இறங்கட்டும்."

அவனே மூடியைத் திறந்து, பைலட்டைப் பதமாக எடுத்துத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தான். தம்பி பையிலிருந்து இரண்டு கால்களையும் எடுத்து ஒட்டினான்.

"இப்ப வீட்டுக்கு நடந்தே வருவாரு," என்றான்.