பதினேழாம் எண் வண்டி

மின்தடையின் ஒன்பதாம் நாள் காலையும் சகாயமேரி வண்டிக்கொட்டகையின் கதவுகளை விரியத் திறந்து வைத்தாள். சூரியத் தகடுகளிலிருந்து மின்னேறும் பேட்டரிகள் விடும் வாயு உள்ளேயே அடைந்து நின்றால் ஒரு பொறி போதும், கூரை பறந்துவிடும். முப்பது கோல்ஃப் வண்டிகள், இருக்கையைத் தூக்கி வைத்தபடி வரிசையாக நின்றன. வண்டிக்கு ஆறு பேட்டரி. முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் படிவை ஆப்பசோடாத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தாள். பேட்டரிக்குள் நீர் குறைந்த அறைகளில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றினாள். பிறகு அடர்த்திமானியை எடுத்தாள். கண்ணாடிக் குழாய், தலையில் ரப்பர் குமிழ். குமிழை அமுக்கி விட்டால் அமிலம் குழாய்க்குள் ஏறும், மிதவை எண்ணைக் காட்டும். ஆயிரத்து இருநூறுக்கு மேல் என்றால் வண்டியின் நெற்றியில் பச்சைக் கோடு போடுவாள். கீழே என்றால் சிவப்பு.

வாலாஜாவுக்கு மேற்கே இருந்த அந்த வளாகத்தில் முன்பு பந்தடித்து விளையாடினார்களாம். இப்போது புல்லும் இல்லை, விளையாட்டும் இல்லை. பதினொரு மணிக்கெல்லாம் வெயில் ஐம்பத்திரண்டு பாகையைத் தொட்டுவிடும். அந்த அனல்நேரத்தில் மூச்சு விட முடிந்த ஒரே இடம் குளிர்க்கூடம். மின்தடை நாட்களில் கூடத்தை ஓட்டியவை வண்டிகளின் பேட்டரிகள்தான். அதனால் வளாகத்தில் வீட்டுக்கு ஒரு வண்டி, அதற்கு ஒரு சட்டம். பச்சைக் கோடு வாங்கிய வண்டியின் நான்கு இருக்கைக்குக் கூடத்தில் நான்கு இடம். சிவப்பு வாங்கிய வீட்டார் ஐந்து மணி வரை பம்ப் அறை நிழலில் கிடக்க வேண்டும்.

நேற்று அப்படிக் கிடந்தவர்களில் பதினேழாம் எண் வண்டிக்காரன் தயாபரனின் மகனும் ஒருவன். ஆறு வயது. மாலையில் கூடத்தின் கதவு திறந்தபோது அவன் எழுந்திருக்கவில்லை.

தயாபரன் கொட்டகைக்குள் வந்தபோது அவன் கையில் துருப்பிடித்த கோல்ஃப் மட்டை இருந்தது. முன்பு துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். தன் பதினேழாம் எண் வண்டியைப் பார்க்காமல் நேரே கடைசி வண்டிக்குப் போனான். அது சகாயமேரியின் வண்டி.

"இதோ, இந்த ஓரத்துல விரிசல். நானே பசை வச்சு அடைச்சது. இது என் பேட்டரி, மேரி."

"எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும் அண்ணே. வீட்டுக்குப் போங்க."

மூன்று நாளைக்கு முன்பு தன் வண்டியில் ஒரு பேட்டரி செத்துப்போனதைக் கண்டதும், விடியுமுன் இருபத்தெட்டு கிலோவை மார்போடு அணைத்துத் தூக்கி மாற்றி வைத்தவள் அவள்தான். புருஷன் விசுவாசத்துக்கு நுரையீரல் பாதி இல்லை. மகளுக்கு மூன்று வயது. பதினேழைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எதுவுமில்லை. அன்றைக்குப் பக்கத்தில் நின்றது, அவ்வளவுதான்.

"என் பையனைக் கொன்னுட்டியேடி!"

மட்டை அவள் இடது மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. இரண்டாவது அடி தோளில். கீழே விழுந்தவள் தலைக்கு நேரே அவன் மூன்றாம் முறை ஓங்கினான். அவள் வலக்கையில் அடர்த்திமானி இருந்தது, குழாய் நிறைய அமிலத்தோடு. அவன் முகத்துக்கு நேராக நீட்டிக் குமிழை அமுக்கினாள்.

அவன் அலறியது கூடம் வரை கேட்டது. கண்களைப் பொத்திக்கொண்டு வண்டிகளில் மோதினான், விழுந்தான், எழுந்தான். ஆப்பசோடாத் தண்ணீர் வாளி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. முகத்தில் கொட்டியிருந்தால் ஒரு கண்ணாவது பிழைத்திருக்கும். கண் இருந்தால் அந்த விரிசலை எல்லாருக்கும் காட்டுவானே என்று நினைத்தாள். வாளியைத் தொடவில்லை.

காவலர்களும் வளாகச் செயலர் இளவழகனும் ஓடி வந்தார்கள். தயாபரன், "என் பேட்டரி, என் பேட்டரி" என்றே கத்தினான். காவலர்கள் அவன் வாயிலேயே குத்தினார்கள். பல்லும் ரத்தமுமாகக் கத்தல் குழறலாகிவிட்டது. கொட்டகையில் கை ஓங்கியவனுக்கு வளாகத்தில் இடமில்லை. கால்களைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் வாயிலுக்கு வெளியே, சுடத் தொடங்கியிருந்த தார்ச்சாலையில் எறிந்தார்கள். அவன் மனைவி பிரமிளா யாரையும் ஏசவில்லை. மகள் இதயாவைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, தானே வெளியே போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கதவு சாத்தப்பட்டது.

செயலர் சகாயமேரியின் கையைத் துணியால் கட்டச் சொன்னார். "உயிரைக் கொடுத்து வண்டிகளைக் காப்பாத்தியிருக்கே. என்ன வேணும், கேள்."

"என் வண்டியில நாலாவது இருக்கை காலி சார். அந்தப் பொண்ணை அதுல உட்கார வைங்க."

"நல்ல மனசு" என்றார் அவர்.

பதினொரு மணிக்குக் குளிர்க்கூடத்தின் கதவு மூடியது. பதினான்கு வயது இதயா, சகாயமேரிக்கு அடுத்த இடத்தில், முழங்கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுபக்கம் குழந்தை தூங்கியது. விசுவாசத்தின் மூச்சு சீராக வந்தது. வெளியே இந்நேரம் தார் உருகியிருக்கும்.

ஒரு மணி நேரம் தாங்கினாள் சகாயமேரி. அதற்கு மேல் முடியவில்லை. குனிந்து, காதோடு சொன்னாள்: "உங்கப்பா சொன்னது நிஜம், கண்ணு. நான்தான் எடுத்தேன்."

இதயா திரும்பவில்லை.

"தெரியும். நேத்தே நானும் போய் அந்த விரிசலைப் பார்த்தேன்" என்றாள். "இப்போ சொன்னா உங்க வண்டியைக் கழட்டிடுவாங்க. என் இடமும் போயிடும். அஞ்சு மணி வரைக்கும் பேசாம இருங்க அக்கா."