ஜெலுத்தோங் வீட்டின் ஈரச் சுவர்

பிரிஸில்லா காலை ஏழு மணிக்கே தொடங்கிவிட்டாள்.

“பெயிண்ட் அடிக்க வந்த ஆளத் திருப்பி அனுப்ப அக்காவுக்கு யாரு உரிமை குடுத்தா? கேக்குறேன்லா... யாரு குடுத்தா?”

தெரேசா ரொட்டியில் காயா ஜாம் தடவிக்கொண்டிருந்தாள். பிரிஸில்லா அவளுடைய கொழுந்தன் நாதனின் மனைவி. ஆயர் ஈத்தாமில் ஒரே வீட்டில் இரு குடும்பங்களும் பதினொரு ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்ந்துவந்தன.

சண்டை இன்னொரு வீட்டைப் பற்றியது. தெரேசாவின் கணவர் இராயப்பனும் தம்பி நாதனும் ஜெலுத்தோங்கில் ஒரு பழைய வரிசை வீட்டை ஏலத்தில் எடுத்திருந்தார்கள். வாங்கிப் புதுப்பித்து விற்கும் வேலையில் இருவருக்கும் அதுதான் முதல் அனுபவம். ஏல வீடு என்பதால் வாங்குமுன் உள்ளே போய்ப் பார்க்க முடியவில்லை. சாவி கைக்கு வந்த பிறகுதான், சமையலறைப் பின்சுவரில் கூரையிலிருந்து தரைவரை ஈரம் இறங்கியிருப்பது தெரிந்தது. நாதன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புது அலமாரி, வெள்ளை பெயிண்ட், தொங்கு விளக்குகள் போட்டால் நான்கே மாதத்தில் விற்றுவிடலாம் என்று நம்பினான்.

தெரேசா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவள். சர்க்யூட் போர்டுகளை லென்ஸுக்கு அடியில் வைத்துப் பழுது தேடுவது அவள் வேலை. பளபளப்பாக இருக்கும் பொருளை அவள் லேசில் நம்பமாட்டாள்.

“தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாக்காம மேல பெயிண்ட் அடிச்சா, ரெண்டு மாசத்துல உப்பிக்கிட்டு வந்துரும்மா. மொதல்ல கூர. அப்புறம் வயரிங், பைப்பு. கண்ணுக்குத் தெரியாதத செஞ்சுட்டுத்தான் தெரியறதச் செய்யணும்.”

“சொல்றது லேசு! மாமா காசும் என் வீட்டுக்காரர் காசும் அங்க மாட்டிக்கிட்டுக் கெடக்கு. நீங்க ஒரு வெள்ளி காசு போட்டிருந்தா அந்த வலி தெரியும்...”

தெரேசா கணவரைப் பார்த்தாள். இராயப்பன் குனிந்து காலில் போட்ட சப்பாத்தின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்ததை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

இராயப்பன் பங்காகப் போன பணம் முழுவதும் தெரேசாவுடையது. தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வந்தபோது கிடைத்த தொகை. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கென்று எடுத்து வைத்திருந்தாள். “தம்பிகிட்ட சொல்லிராத... அண்ணன் பொண்டாட்டி காசுல தொழில் பண்றான்னு நெனப்பான்” என்று இராயப்பன் கேட்டுக்கொண்டபோது, சரி என்று தலையாட்டியிருந்தாள். அந்தத் தலையாட்டல் இப்போது அவள் வாயைக் கட்டிவைத்தது.

அதே வாரம் நாதன் வேறொரு ஆளைப் பிடித்துச் சுவரைப் பூசி, பெயிண்ட்டும் அடித்துவிட்டான். வீட்டைப் பார்க்க முதலில் வந்தவள் ஹுஸ்னா என்ற மருத்துவமனைத் தாதி. இரண்டு சிறு பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்தாள். நாதன் வாசலில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த நேரம், சமையலறையைத் துடைத்துக்கொண்டிருந்த தெரேசாவிடம் அவள் மலாய் மொழியில் கேட்டாள்: “அக்கா, மழை பெய்தால் இங்கே ஒழுகுமா?”

பிள்ளைகளில் இளையவள் அந்தச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

“ஒழுகும்” என்றாள் தெரேசா. “கூரையை இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. வயரிங்கும் பழசு.”

ஹுஸ்னா நன்றி சொல்லி, வாசலில் நாதனிடமும் அதையே சொல்லிவிட்டுப் பிள்ளைகளோடு புறப்பட்டாள்.

அன்று மாலை வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

“வந்த பார்ட்டிய நீங்களே வெரட்டிட்டீங்களே அண்ணி... நாங்க நடுத்தெருவுல நிக்கணுமா? அதானே உங்களுக்கு வேணும்!” என்று கத்தினான் நாதன். பிரிஸில்லா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

தெரேசா இதையெல்லாம் எதிர்பார்த்திருந்தாள். அவள் எதிர்பார்க்காதது கணவர் சொன்னது.

“ஒன்ன யாரு வாயத் தொறக்கச் சொன்னா? இந்த வேலையில ஒனக்கு என்னா தெரியும்?”

அவள் அழவில்லை. மறுநாள் காலை நான்கு துணிகளை ஒரு பையில் எடுத்துக்கொண்டு, ஜெலுத்தோங் வீட்டுக்குப் போய்ப் பாய் விரித்தாள். தொழிற்சாலைத் தோழி சித்தி ஹாஜராவின் தம்பி அஃபிக் உரிமம் பெற்ற எலெக்ட்ரிஷியன். அவனைக் கூப்பிட்டுச் சமையலறை சீலிங்கைக் கழற்றச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்ததும் மூவரும் அவளைக் கூட்டிப் போக வந்தார்கள். அஃபிக் டார்ச் விளக்கை நாதனிடம் கொடுத்து ஏணியைக் காட்டினான். மேலே ஓடுகள் உடைந்து விலகியிருந்தன. மழைத்தண்ணீர் கூரைக் கட்டை வழியாக வயர்கள் மேல் இறங்கியிருந்தது. வயரின் தோல் கருகி, அதைத் தொட்டுக்கொண்டிருந்த மரமும் கரியாகியிருந்தது. எந்த மழையில் வேண்டுமானாலும் தீப்பிடித்திருக்கும் என்றான் அஃபிக்.

நாதன் இறங்கி வந்து சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்தான்.

“அண்ணி... அந்தத் தாதியோட பிள்ளைங்க...”

இராயப்பன் தம்பியின் பக்கம் வந்து நின்றார்.

“நாதா, என் பங்குன்னு சொன்னேன்ல... அது என் காசில்ல. இவ காசு. முட்டி ஆபரேஷனுக்கு வச்சிருந்தது. அன்னிக்குப் பிரிஸில்லா அப்படிக் கேட்டப்பகூட நான் வாயத் தொறக்கல. அதுக்கு மேல நானே இவளத் திட்டுனேன்...”

பிரிஸில்லா தெரேசாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஐயோ அக்கா... ஒரு வெள்ளி போட்டீங்களான்னு கேட்டேனே... ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே! ஏன் சொல்லல?”

“சொல்ல வேண்டியவரு பக்கத்துலதானே இருந்தாரு.”

பிரிஸில்லா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு விம்மினாள். தெரேசா தூசி படிந்த கையால் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. “வேல முடியட்டும்” என்று மட்டும் சொன்னாள்.

அதன்பிறகு வேலை அவள் சொன்ன வரிசையில் நடந்தது. கூரை, வயரிங், பைப்பு, பின்பக்கச் சாக்கடை. வாங்கி வைத்திருந்த தொங்கு விளக்குகளை நாதனே கடையில் திருப்பிக் கொடுத்தான். பூச்சைக் கொத்தி எடுத்து, சுவர் முழுதாகக் காய ஐந்து வாரம் காத்திருந்தார்கள்.

இராயப்பன் தினமும் மதியச் சோறு கொண்டுவந்தார். நான்கு நாட்கள் தெரேசா பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள், அவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், “ஏணியப் புடிங்க” என்றாள். அவர் பிடித்துக்கொண்டார். சாயந்திரம்வரை நகரவில்லை.

எல்லாம் முடிந்தபின் தெரேசா ஹுஸ்னாவுக்குத் தொலைபேசி செய்தாள். “உங்கள் ஆளைக் கூட்டிவந்து சோதியுங்கள்” என்றாள். ஹுஸ்னா ஒரு மழைநாளில் ஆளோடு வந்து, சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள். நாதன் நினைத்த நான்கு மாதம் ஒன்பது மாதமாகியிருந்தது. லாபம் நினைத்ததில் பாதிதான்.

அடுத்த ஆண்டு தண்ணீர்மலைப் பக்கம் இன்னொரு வீடு அமைந்தது. வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாப் பெண், வாங்குபவர் பெயரைக் கேட்டாள். நாதன் அண்ணனைப் பார்த்தான்.

“மொதல்ல என் வீட்டுக்காரி பேரு. அதுக்குக் கீழ எங்க ரெண்டு பேரு பேரும்” என்றார் இராயப்பன்.

குமாஸ்தா எழுத்துகளைச் சொல்லும்படி கேட்டாள். இராயப்பன் வாயைத் திறப்பதற்குள் தெரேசா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாகச் சொன்னாள்.