கட்டுரையைப் படித்தவன் யார்?

பேராசிரியர் அலிஸ்டர் ட்ரெம்பத் காலை டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே செத்துப் போனார்.

சத்தம் இல்லை. அலறல் இல்லை. மேஜை மேல் தலை கவிழ்ந்திருந்தது. கோப்பையில் பாதி டீ மிச்சம் இருந்தது.

இதய நோயாளி. மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்த உடம்பு. மாரடைப்பு என்று ஆய்வு நிலையத்தில் எல்லாரும் உச்சுக் கொட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

நாலாம் நாள் பரிசோதனை முடிவு வந்தது.

விஷம்!

மறுநாள் மத்தியானமே ஹோபார்ட் நகரப் போலீஸின் இன்ஸ்பெக்டர் நெரிடா காஃப், அதே ஆய்வு நிலையத்தின் ஆராய்ச்சியாளர் ஹெஸ்டர் ப்ளைத்தின் அறைக்குள் நுழைந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. கையில் பாதி கடித்த, சிப்பிக்கறி அடைத்த 'ஸ்காலப் பை' பலகாரம்.

"நீங்கதான் டாக்டர் ப்ளைத்தா?"

"ஆமா."

"உட்காருங்க."

அவள் அறையிலேயே அவளை உட்காரச் சொன்னார். ஹெஸ்டர் உட்காரவில்லை. சாவு நடந்த நாளிலிருந்து அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. மலையிலிருந்து இறங்கிய காற்று வேறு ஜன்னலை விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தது.

"வேலியோரமா முளைக்கிற ஒரு களைச்செடி, டாக்டர். அதோட இலையைக் காய வெச்சு அவர் டீத்தூள்ல கலந்திருக்காங்க. சாதாரண ஆள் குடிச்சா வயித்தைக் கலக்கும், அவ்வளவுதான். ஆனா அந்த இதய மாத்திரை சாப்பிடற ஆள் குடிச்சா..."

"உயிர் போயிடும்," என்றாள் ஹெஸ்டர்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கரெக்ட். எங்க லேப் டாக்டருக்கே இது தெரியல. உலகம் பூரா தேடிப் பார்த்துட்டார். இதைப் பத்தி ஒரே ஒரு கட்டுரைதான் இருக்காம். எழுதினது..."

"நான்தான்."

"அதை யார் யார் படிச்சிருக்காங்க?"

ஹெஸ்டர் ஜன்னலை இழுத்து மூடினாள்.

ஆராய்ச்சிக்காரர்களின் உலகம் விசித்திரமானது. நீங்கள் எழுதிய கட்டுரையை எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்? அந்த எண்தான் அங்கே ஜாதகம். பதவி உயர்வு, மானியம், மரியாதை எல்லாம் அதைப் பார்த்துத்தான். ஹெஸ்டர் வருஷக்கணக்கில் நாயாய் உழைத்து எழுதிய அந்தக் கட்டுரைக்கு இதுவரை கிடைத்த மேற்கோள்...

பூஜ்யம்!

"யாருமே படிக்கல," என்றாள் மெதுவாக.

"கொலைக்கு முன்னாடியே பதினோரு தடவை டவுன்லோட் ஆகியிருக்கே?"

அவள் முகம் சிவந்தது. "அது நான்தான்."

"பதினோரு தடவையுமா?"

"எண்ணிக்கை ஏறுதான்னு பார்க்கறதுக்கு..."

இன்ஸ்பெக்டர் பலகாரத்தை இன்னொரு கடி கடித்தார். அவருக்குப் பாவமாகக்கூட இருந்திருக்கலாம். காட்டிக்கொள்ளவில்லை.

"போன மாசம் உங்க ப்ரமோஷனை நிறுத்தினது ட்ரெம்பத். ஒருத்தரும் மேற்கோள் காட்டாத ஆளுக்கு எதுக்கு ப்ரமோஷன்னு கேட்டிருக்கார். நீங்க அவர் ரூம்ல போட்ட சத்தம் கீழ் மாடி வரைக்கும் கேட்டிருக்கு. என்ன சொல்லிக் கத்தினீங்க?"

"என் ஆராய்ச்சியோட மதிப்பு என்னன்னு ஒரு நாள் உங்களுக்கே புரியும்னு..."

"புரிஞ்சிருக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

விஷத்தின் விவரம் அறிந்தவள் ஊரிலேயே அவள் ஒருத்திதான். கோபமும் அவளுக்குத்தான். சிறைக்கதவு கண்முன் தெரிந்தது.

இத்தனை வருஷமாக ஒரே ஒரு வாசகனுக்காக ஏங்கியவள். இப்போது அந்த ஒரு வாசகன் கிடைக்காவிட்டால் வாழ்க்கையே போய்விடும்!

"இருங்க இன்ஸ்பெக்டர். ரெண்டு பேர் படிச்சிருக்காங்க. கண்டிப்பா படிச்சிருக்கணும்."

"யாரு?"

"ரிவ்யூவருங்க. ஆராய்ச்சிப் பத்திரிகையில போடறதுக்கு முன்னாடி ரெண்டு நிபுணர்கள் படிச்சுக் குறிப்பு எழுதணும். ஆனா அவங்க பேரை எழுதினவங்ககிட்ட சொல்ல மாட்டாங்க. பத்திரிகை ஆசிரியருக்கு மட்டும்தான் தெரியும்."

"ஆசிரியர் யாரு?"

ஹெஸ்டருக்குக் குரல் இறங்கியது. "ட்ரெம்பத்."

"அவரோட லேப்டாப்பைக் காணோம். நீங்க எடுத்தீங்களா?"

"நான் எதுக்கு எடுக்கணும்? அதுல இருக்கற பேர்தான் இப்ப என்னைக் காப்பாத்தும்!"

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நேத்து ராத்திரி உங்க கட்டுரையை நான் படிச்சேன்."

ஹெஸ்டரின் கண்கள் விரிந்தன. கைதாகப் போகிற நேரம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

"நிஜமாவா? முழுசாவா? எப்படி இருந்தது?"

"தூக்கம் வந்தது. ஆனா ஒரு இடம் இடிச்சது. விஷச்செடியைப் பத்தின கட்டுரையில மாட்டுப் பண்ணைக்காரங்க முழங்கால் வலி எங்கேருந்து வந்தது? அதைப் பத்தி மூணு மேற்கோள். மூணும் ஒரே ஆள் எழுதினது."

"அது ரெண்டாவது ரிவ்யூவர் சேர்க்கச் சொன்னது. கேட்டா சேர்த்துடணும். இல்லன்னா கட்டுரை வெளிய வராது."

"எதுக்கு அதைச் சேர்க்கச் சொல்றாங்க?"

"எதுக்குன்னா... பேர் இல்லாம ஒருத்தர் வந்து, 'இந்த மகானோட மூணு கட்டுரையைச் சேருங்க'ன்னு சொன்னா, அந்த மகான் யாருன்னு..."

பாதியில் நிறுத்தினாள்.

ரிவ்யூவரே தன் கட்டுரைகளைச் சேர்க்கச் சொல்வது இந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். அவளும் சொன்னதில்லை. மூன்று மேற்கோள்களையும் சேர்த்துவிட்டு, கட்டுரை வந்தால் போதும் என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

"மெர்வின் டல்லக்," என்றாள். "ரெண்டு ரூம் தள்ளி இருக்கார். ஒரே இடத்துல வேலை செய்யறவங்க ரிவ்யூ பண்ணக் கூடாது. ரகசியமா பண்ணியிருக்கார்."

"ட்ரெம்பத்துக்கும் அவருக்கும் என்ன தகராறு?"

"தெரியாது. ஆனா செத்துப் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி பேராசிரியர் என்னைப் பார்த்து, 'முழங்கால் பைத்தியத்தை ஒழிச்சுக் கட்டறேன், பார்'னு சொன்னார். என்னைத்தான் திட்டறார்னு நினைச்சேன்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "உங்க கட்டுரையைப் பார்த்ததே இல்ல, தலைப்புகூடத் தெரியாதுன்னு டல்லக் காலைலயே வாக்குமூலம் எழுதிக் கொடுத்திருக்கார். நீங்க சொல்றது ஊகம். அவரே வாயால சொன்னாத்தான் ஆச்சு. இல்லன்னா நாளைக்கு நான் உங்களைக் கூட்டிட்டுப் போகணும்."

ஹெஸ்டர் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். ஜன்னலுக்குப் போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள்.

சட்டென்று நின்றாள்.

"அவர் மேற்கோள் கணக்கு முந்தாநாள்தான் ஆயிரத்தைத் தாண்டிச்சு. கேக் வெட்டினார். இன்னிக்கு ஆயிரத்து ரெண்டு."

"அதுக்கு என்ன?"

"என்கூட டீ ரூமுக்கு வாங்க."

மெர்வின் டல்லக் டீ அறையில் மிச்சமிருந்த கேக்கைத் தின்றுகொண்டிருந்தார். கேக்கின் மேல் எழுதியிருந்த '1000'-இல் கடைசிப் பூஜ்யம் மட்டும் பாக்கி இருந்தது. இன்ஸ்பெக்டர் அவரைக் கவனிக்காதவர்போல் கெட்டில் பக்கம் திரும்பிக் கோப்பையைக் கழுவ ஆரம்பித்தார்.

"வாம்மா ஹெஸ்டர். போலீஸ் ரொம்பத் தொந்தரவு பண்ணுதா? நானும் கேள்விப்பட்டேன். ஏதோ செடியாமே?"

"அதை விடுங்க மெர்வின். உங்ககிட்ட ஒரு மன்னிப்பு கேக்கணும்."

"என்கிட்டயா? எதுக்கு?"

"என் கட்டுரையில உங்க பேப்பர் மூணைச் சேர்த்திருந்தேன். எடுத்துடப் போறேன். இன்னிக்கே பத்திரிகைக்குத் திருத்தம் எழுதறேன்."

கேக் பாதி வழியில் நின்றது.

"மூணுமா?"

"மூணும்தான்."

டல்லக்கின் உதடுகள் அசைந்தன. மனதுக்குள் கழித்துப் பார்க்கிறார் என்பது நன்றாகவே தெரிந்தது. ஆயிரத்து இரண்டில் மூன்று போனால்...

"இப்ப எதுக்கும்மா அவசரம்? கிடந்துட்டுப் போகட்டுமே."

"சம்பந்தமே இல்லாம கிடக்கு, மெர்வின். யாரோ ஒரு மண்டு ரிவ்யூவர் சொன்னான்னு போட்டேன். விஷத்துக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம்? படிக்கிறவங்க சிரிப்பாங்க."

"யாரு மண்டு?"

அவர் முகம் ஜிவ்வென்று சிவந்தது. இன்னும் ஒரே ஒரு தள்ளு...

"அந்த ஆள் கட்டுரையைப் படிச்ச மாதிரியே தெரியல."

"படிக்கலையா? நாலாம் பக்கத்துல நீ என்ன எழுதியிருக்கே? கிழட்டுப் பண்ணைக்காரங்க முழங்கால் வலிக்கு அந்த இலையைக் கஷாயம் வெச்சுக் குடிக்கிறாங்கன்னு எழுதலே? எத்தனை பேருக்கு முழங்கால் வலி, யாருக்கு, எதனாலன்னு ஆதாரம் வேணாமா? அதுக்குத்தானே என் பேப்பரைச் சேர்னு அன்னிக்கே தெளிவா எழுதி..."

நின்றுவிட்டார்.

காற்று ஜன்னலை உலுக்கியது. கெட்டில் கொதித்து அடங்கியது.

"எழுதி?" என்றார் இன்ஸ்பெக்டர், கோப்பையைத் துடைத்தபடி. "மேல சொல்லுங்க டாக்டர். நான் உங்களை மேற்கோள் காட்டணும் இல்ல?"

டல்லக் கேக்கைக் கீழே வைத்தார்.

காணாமல் போன லேப்டாப் ப்ரூனி தீவில் இருந்த அவருடைய மரவீட்டில் கட்டிலுக்கு அடியில் கிடைத்தது. காய்ந்த இலையும் ஒரு டப்பாவில் இருந்தது. தன்னிடம் வந்த ஒவ்வொரு கட்டுரையிலும் மெர்வின் டல்லக் மிரட்டி மேற்கோள் வாங்கியிருந்தான். (இனிமேல் அவனுக்கு என்ன 'ர்' வேண்டிக் கிடக்கிறது?) ட்ரெம்பத் அதைக் கண்டுபிடித்துவிட்டார். வெளியே வந்தால் ஆயிரமும் போய், வேலையும் போய், மானமும் போய்விடும். பேராசிரியரைக் கொல்லவும், பழியை வேறொருத்தி தலையில் போடவும் வழி அவன் படித்த ஒரு கட்டுரையிலேயே இருந்தது.

ஹெஸ்டர் தப்பினாள். வழக்கு எல்லாப் பேப்பரிலும் டிவியிலும் வந்தது. அவள் கட்டுரையின் பெயர் ஊரெல்லாம் அடிபட்டது.

ஆனால் டிவியும் பேப்பரும் மேற்கோள் கணக்கில் சேராது.

பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது.

மறு வருஷம், காற்றடிக்கும் ஒரு சாயங்காலம். பெல்லரீவ் புறநகரில் ஹெஸ்டரின் வீட்டுச் சோபாவில் நெரிடா காஃப் உட்கார்ந்திருந்தார். இருவரும் சிநேகிதிகளாகிவிட்டிருந்தார்கள். ஹெஸ்டர் மட்டும் உட்காராமல், லேப்டாப்பை ஏந்தியபடி நடந்துகொண்டே இருந்தாள்.

"என்ன, இருப்புக்கொள்ளாம அலையறீங்க?"

"ஒரு கட்டுரை ரிவ்யூவுக்கு வந்திருக்கு நெரிடா. புது ஆசிரியருக்கு ஆளைப் பத்தி ஒண்ணும் தெரியல போல. தலைப்பு, 'சிறைக் கைதிகளின் முழங்கால் வலி'."

நெரிடா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவனா? உள்ள இருந்துக்கிட்டே எழுதறானா?"

"நாற்பது மேற்கோள். எல்லாம் அவனோடது, ஒண்ணைத் தவிர."

"அந்த ஒண்ணு?"

"என்னோடது!"

அவள் குரல் உடைந்தது. முதல் மேற்கோள். இத்தனை வருஷத்தில் முதல் முறை. சந்தோஷத்தை அடக்க முடியாமல் கண்ணில் நீர் வந்தது.

"கிழிச்சுப் போடுங்க ஹெஸ்டர். உங்களை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தவன்."

"கிழிச்சா என் மேற்கோளும் சேர்ந்து போயிடுமே."

"அதனால?"

"வெளியிடலாம்னு எழுதி அனுப்பிட்டேன்." ஹெஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினாள். "ஆனா ஒரு நிபந்தனை. டாக்டர் ஹெஸ்டர் ப்ளைத்னு ஒருத்தர் இன்னும் மூணு அருமையான கட்டுரை எழுதியிருக்காங்க, அதையும் சேர்க்கணும்னு போட்டிருக்கேன். எழுதறது நான்தான்னு சொல்லாம!"

கெட்டில் கொதிக்க ஆரம்பித்தது.

"டீ குடிக்கிறீங்களா?"

இன்ஸ்பெக்டர் நெரிடா காஃப் அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார்.

"வேண்டாம்மா. இனிமே இந்த வீட்டுல எனக்குப் பச்சைத் தண்ணி போதும்... அதுவும் குழாய்ல நானே பிடிச்சுக்கறேன்."