கூடாரத்துக்கு வெளியே எரிந்த அடுப்பு

சுமை ஏற்றிவந்த கழுதைக்காரர் நோர்பு தன் மூன்று கழுதைகளையும் சரிவின் அடியிலேயே கட்டிவிட்டார். அவற்றில் ஒன்று காலையில் ஆற்றைக் கடக்கும்போது வழுக்கி, முதுகிலிருந்த மூட்டையைத் தண்ணீரோடு விட்டுவிட்டது. கழுதை பிழைத்துக்கொண்டது. மூட்டையிலிருந்த, அடுப்புக்கான பெட்ரோல் டின் போனது போனதுதான்.

"இதோட போதும். திரும்பிருவோம்" என்றார் கனகவேல். கோவில்பட்டி மலையேற்றக் கழகத்தின் தலைவர் அவர். ஐம்பத்தெட்டு வயதில் பதினோரு முறை இமயத்துக்கு வந்தவர். "அடுப்புக்கு எண்ணெய் இல்ல. மேல இருக்கது பூரா பனி. உருக்காம ஒரு சொட்டுத் தண்ணி கெடைக்காது. தண்ணி இல்லாம அந்த உசரத்துல ஒரு ராத்திரி கூடத் தாங்க முடியாது பியூலா."

பியூலா நோர்புவின் மூட்டைகள் பக்கம் திரும்பினாள். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின் பழுது பார்க்கும் மெக்கானிக் அவள். நோர்புவின் சமையல் சாமான்களுக்கு நடுவே நீல நிறக் கேன் ஒன்று இருப்பதை முந்தின நாளே கவனித்திருந்தாள். அவரிடம் போய்த் தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டாள். திரும்பி வரும்போது அவள் கையில் இரண்டு லிட்டர் மண்ணெண்ணெய் இருந்தது.

"அண்ணாச்சி, நம்ம அடுப்பு பெட்ரோல்லயும் எரியும், இதுலயும் எரியும். எண்ணெயப் பீச்சுத ஜெட்ட மட்டும் மாத்தணும்."

"மண்ணெண்ணெயா? கரி அடைச்சுக்கிட்டு நிக்கும்."

"நின்னா சுத்தம் பண்ணுவேன். எனக்கு அதுதான வேலை."

அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்து அடுப்பைப் பிரித்தாள். உள்ளங்கையில் அடங்கும் எரிமுனை, மடங்கும் மூன்று கால்கள், அதிலிருந்து நீளும் இரும்புக் குழாய், குழாயின் மறுமுனையில் பம்பு பொருத்திய எண்ணெய்ப் புட்டி. அவ்வளவுதான் அடுப்பு. பெட்ரோலுக்கான ஜெட்டைக் கழற்றிவிட்டு மண்ணெண்ணெய்க்கான, துளை சிறிய ஜெட்டைப் பூட்டினாள். பழைய பெட்ரோல் வாடை போகும்வரை புட்டியை வெயிலில் கவிழ்த்து வைத்தாள். பிறகு முக்கால் அளவுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி மூடினாள். மேலே காற்றுக்கு இடம் வேண்டும். விளிம்புவரை நிரப்பிய புட்டி சூட்டில் விரிந்தால் எங்காவது பிய்த்துக்கொண்டு வரும்.

"நீ பிடிச்ச பிடிய விட மாட்டியே" என்றார் கனகவேல்.

"எங்கம்மா பெட்டி மேல இருக்கு அண்ணாச்சி. எடுக்காம நான் எறங்க மாட்டேன்."

அந்தப் பெட்டி அங்கே கிடப்பதற்குக் காரணம் அவளுடைய அம்மா நவமணி. நிலவியல் ஆய்வாளரான நவமணி இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் இமாசலத்து ஸ்பிதியின் இந்தப் பெயரில்லாத பள்ளத்தாக்கில், ஒரு பாறையில் பிரமாண்டமான கடல் உயிரி ஒன்றின் முதுகெலும்பு கல்லாகிப் பதிந்திருப்பதைக் கண்டார். வரைந்தார், அளந்தார், படம் எடுத்தார். அன்று மாலையே பனிப்புயல். கூட வந்த சுமையாளின் கால் முறிந்துவிட்டது. அவரைச் சுமந்து இறங்குவதற்காகக் குறிப்பேடும் படச்சுருளும் இருந்த தகரப்பெட்டியை ஒரு கற்குவியலுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தார். அலுவலகத்தில் அவருடைய மேலதிகாரி, அவர் நினைவிலிருந்து எழுதிய அறிக்கையைப் படித்துவிட்டு ஓரத்தில் 'கற்பனை' என்று எழுதினார். மறுபடி போக அனுமதி தரவில்லை. அதற்குப் பிறகு நவமணி எங்கே என்ன எழுதினாலும் அந்த ஒற்றைச் சொல் முன்னால் வந்து நின்றது. இப்போது அவருக்கு முழங்கால் தேய்ந்து, மாடிப்படி ஏறுவதே பாடு.

"நான் போறேன்" என்று பியூலா பையைத் தோளில் மாட்டினாள்.

"நானும்" என்று எழுந்தாள் ஜீனத். காயல்பட்டினத்துப் பெண். புதைபடிவங்களைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள். நவமணியின் பழைய அறிக்கையை நூலகத்தில் கண்டெடுத்து, தேடிப்பிடித்து அவர் வீட்டுக்கு வந்தவளே அவள்தான்.

கனகவேல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முணுமுணுத்துக்கொண்டே தன் பையைத் தூக்கினார். நோர்பு கழுதைகளோடு இரண்டு நாள் காத்திருப்பதாகச் சொன்னார்.

ஐந்து மணி நேரம் ஏறினார்கள். சரளைக்கல் காலுக்கடியில் நழுவியது. பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு பனித்திட்டை அடைந்தபோது மேற்கே மலைகள் இருந்த இடத்தில் சாம்பல் நிறச் சுவர் ஒன்று நின்றது. அது அவர்களை நோக்கி நகர்ந்து வந்தது.

"டென்ட்ட அடிங்க, சீக்கிரம்" என்று கத்தினார் கனகவேல்.

கூடாரம் நின்ற பத்தாவது நிமிடத்தில் புயல் பிடித்துக்கொண்டது. ஜீனத் பாதி வழியிலேயே தலைவலி என்றவள். இப்போது தூக்கப்பைக்குள் சுருண்டு கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. தண்ணீர்ப் புட்டிகள் மூன்றும் மதியமே ஏறக்குறைய காலி.

"அடுப்ப உள்ள கொண்டா. இந்தக் காத்துல வெளிய பத்தவே பத்தாது" என்றார் கனகவேல்.

"உள்ள பத்த வைக்க மாட்டேன் அண்ணாச்சி."

"இந்தா பாரு, பதினஞ்சு வருசமா நான் டென்ட்டுக்குள்ளதான் டீ போடுதேன். இன்னும் உசுரோடதான் இருக்கேன்."

"இருக்கீங்க. ஆனா அடுப்பு என் கையில இருக்கு. துணிக் கூரைக்குக் கீழ இத நான் பத்த வைக்கதா இல்ல. மொதல்ல ஒரு மொழத்துக்குத் தீ எழும்பும். டென்ட் போச்சுன்னா நாம மூணு பேரும் போச்சு. தீ பிடிக்கலன்னாலும் கண்ணுக்குத் தெரியாத வெசப்புகை கொல்லும். படகு எஞ்சின் அறையில கதவ மூடிட்டு எஞ்சின ஓட்டுன ஆள நான் தூக்கியிருக்கேன். தூங்குத மாதிரிதான் கெடந்தாரு."

"இது எஞ்சின் இல்ல, அடுப்பு."

"எரியுதது எல்லாம் ஒண்ணுதான்."

வாதம் வளரும் முன் அவள் வெளியே போய்விட்டாள். காற்று அவளைப் பக்கவாட்டில் தள்ளியது. மூச்சைப் பிடுங்கியது. பியூலாவுக்குக் கோபம் வந்தது. 'ஒரு தடவை எங்கம்மாவைத் துரத்தின. என்னையும் துரத்திப் பாரு' என்று அந்த வெண்மையைப் பார்த்து வாய்விட்டே சொன்னாள்.

கூடாரத்திலிருந்து எட்டடி தள்ளி, தீப்பொறி கூடாரத்தின் மேல் விழாதபடி காற்று வீசிப்போகும் பக்கமாக இடம் பார்த்தாள். பனியை வெட்டி ஒரு பள்ளம் செய்தாள். கற்களை அடுக்கி இடுப்பளவுச் சுவர் எழுப்பினாள். அடுப்பைப் பனிமேல் வைத்தால் சூட்டில் பனி உருகி அடுப்பே கவிழும். அதனால் தட்டையான பலகைக்கல் ஒன்றைப் புரட்டிக் கொண்டுவந்து தளம் போட்டாள். எரிமுனையைச் சுற்றி அலுமினியத் தகட்டை நிறுத்தினாள். புட்டியை மட்டும் தகட்டுக்கு வெளியே, குழாய் நீளும் தூரத்துக்குத் தள்ளி வைத்தாள். அடுப்பின் சூடு எண்ணெய்ப் புட்டியைத் தொடக் கூடாது.

பம்பை இருபது முறை அழுத்தினாள். மண்ணெண்ணெய் வாடை மூக்கில் ஏறியது.

தீப்பெட்டியை எடுக்கவில்லை. கையுறையைக் கழற்றி, பம்பின் கழுத்தை விரலால் தடவினாள். ஈரம். குளிரில் அங்கிருந்த ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வெடித்திருந்தது.

கனகவேல் கூடார வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன ஆச்சு?"

"லீக்கு அண்ணாச்சி."

"ஒரு சொட்டு ரெண்டு சொட்டுதான? பத்த வை. அந்தப் பிள்ள தண்ணி தண்ணிங்குது."

"அந்த ஒரு சொட்டுதான் புட்டிவரைக்கும் தீயக் கூட்டிட்டு வரும். முடியாது."

அவர் எரிச்சலோடு தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பியூலா பம்பைக் கழற்றி அழுத்தத்தை வெளியேற்றினாள். அவளுடைய சின்ன டப்பாவில் மாற்று ஓ-ரிங் இருந்தது. ஆனால் அது கண்ணாடிபோல் விறைத்திருந்தது. வளைத்தால் உடையும். அதை வாய்க்குள் போட்டு நாக்கின் அடியில் வைத்துக்கொண்டாள். ரப்பரும் மசகும் கலந்த கசப்பு. அது இளகுவதற்குள், எண்ணெய் சிந்திய கல்லைப் புரட்டிப் போட்டுவிட்டு வேறு கல்லைத் தளமாக வைத்தாள். ரிங்கைப் பூட்டி மறுபடி பம்பை அழுத்தினாள். விரலால் தடவினாள். காய்ந்திருந்தது.

வால்வைக் கொஞ்சம் திறந்து, எரிமுனைக்குக் கீழிருந்த கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் இறங்கியதும் மூடினாள். முடியைக் குல்லாய்க்குள் திணித்து, முகத்தை விலக்கி, தீக்குச்சியை நீட்டினாள். மஞ்சள் நெருப்பு அவள் முழங்கைவரை எழும்பி ஆடியது. எரிமுனை நன்றாகச் சூடேற வேண்டும். அப்போதுதான் எண்ணெய் ஆவியாகி நீலமாக எரியும். அவளுக்கும் அவசரம்தான். இரண்டு நொடி முந்தி வால்வைத் திறந்துவிட்டாள். குபீரென்று புகையும் மஞ்சள் தீயும் கிளம்பின. காற்று ஒரே வீச்சில் எல்லாவற்றையும் அணைத்தது.

வால்வை மூடினாள். சூடான அடுப்பில் மறுபடி எண்ணெய் ஊற்றிப் பற்றவைத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்களை அவள் பார்த்திருக்கிறாள். ஆறும்வரை காத்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம். அவள் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஐந்து நிமிடம் இருந்ததில்லை.

அந்தக் காத்திருப்பில்தான் அவள் ஒன்றைக் கவனித்தாள். கூடாரத்தின் ஜிப் முழுதாக மூடியிருந்தது. காற்று ஒரு கணம் அடங்கியபோது உள்ளே மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம்.

"அண்ணாச்சி?"

பதில் இல்லை.

"ஜீனத்?"

ஓடிப்போய் ஜிப்பை இழுத்தாள். கனகவேல் தன் பையில் வைத்திருந்த, ஓரிரு டம்ளர் டீக்கு மேல் தாங்காத சிறிய கேஸ் அடுப்பு, பனி நிரப்பிய ஒரு டம்ளருக்குக் கீழே எரிந்துகொண்டிருந்தது. பனி உள்ளே வராமலிருக்க எல்லாத் திறப்பையும் அவர் அடைத்திருந்தார். ஜீனத்தின் தலை ஒரு பக்கம் தொங்கிக் கிடந்தது. கனகவேல் உட்கார்ந்தபடியே பியூலாவைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

"டீ... ஒரு டம்ளர்... பிள்ளைக்கு..." நாக்கு குழறியது.

பியூலா குமிழைத் திருகி அணைத்தாள். அடுப்பைத் தூக்கி வெளியே பனியில் எறிந்தாள். ஜீனத்தைத் தூக்கப்பையோடு பற்றி வாசலுக்கு இழுத்தாள். கனகவேலின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். அவர் எழ முயன்று விழுந்தார். மறுபடி இழுத்தாள்.

"மூச்ச இழுங்க. ஜீனத், கண்ணத் தெற. ஏய், தூங்காத. என்னப் பாரு."

பனிக்காற்று அவர்கள் முகத்தில் அறைந்தது. இவ்வளவு நேரம் எதிரியாக நின்ற காற்று. ஜீனத் இருமினாள். வாந்தி எடுத்தாள். பிறகு மெதுவாகக் கண்ணைத் திறந்து, "அக்கா, குளுருது" என்றாள்.

பியூலா இருவரையும் கூடாரத்தின் திறந்த வாசலில், காற்று படும்படி போர்த்தி உட்கார வைத்தாள். பிறகு தன் கற்சுவருக்குத் திரும்பினாள். அடுப்பு ஆறியிருந்தது. கிண்ணத்தில் எண்ணெய். தீக்குச்சி. மஞ்சள் நெருப்பு எழும்பியது, ஆடியது, தணிந்தது. இந்த முறை அது கடைசி நாக்காகச் சுருங்கும்வரை பொறுத்திருந்து வால்வைத் திறந்தாள்.

நீலத் தீ உறுமியது. புயலின் இரைச்சலுக்கு நடுவிலும் அந்தச் சத்தம் தனியாகக் கேட்டது.

புட்டிகளின் அடியில் ஒட்டியிருந்த இரண்டு மிடறு தண்ணீரைப் பாத்திரத்தில் வடித்து, அதன்மேல் பனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாள். இல்லாவிட்டால் பாத்திரத்தின் அடி தீய்ந்துபோகும். இருட்டுவதற்குள் நான்கு லிட்டர் உருகியது. எடுத்துக் கொடுத்த முதல் டம்ளர் சர்க்கரைத் தண்ணீரை ஜீனத் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள்.

கனகவேல் குடித்து முடித்த டம்ளரைக் கீழே வைத்தார். "பதினஞ்சு வருசம்" என்றார். "பதினஞ்சு வருசமா அதிர்ஷ்டத்துல இருந்திருக்கேன் பியூலா."

காலையில் வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. ஜீனத்துக்குத் தலைவலி குறைந்திருந்தாலும் கால் தடுமாறியது. "நான் இறங்குறதுதான் சரி" என்று அவளே சொன்னாள். "ஆனா நீங்க பாக்காம இறங்கக் கூடாதுக்கா. ரெண்டு மணி நேரம் நான் உக்காந்திருப்பேன்." கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் அந்தக் கற்குவியல் இருந்தது. பியூலா தனியாக ஏறினாள்.

குவியலின் அடியில் தகரப்பெட்டி இருந்தது. துருவேறி, தொட்டதும் மூடி கையோடு வந்தது. உள்ளே குறிப்பேடு கூழாகிக் காய்ந்து ஒரே கட்டியாக இருந்தது. படச்சுருளில் தண்ணீர் இறங்கியிருந்தது. ஒரு எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை.

பியூலா மண்டியிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருடம். இதற்காகவா? அழுகை வரும் முன் எழுந்துவிட்டாள். காகிதம் போனால் போகட்டும். அம்மா பார்த்தது காகிதத்தை அல்ல, பாறையை. பாறை எங்கே போகும்?

குவியலைச் சுற்றி வட்டமாக நடந்தாள். பெரிய வட்டம், அதைவிடப் பெரிய வட்டம். மூன்றாவது சுற்றில், இரண்டாகப் பிளந்து நின்ற ஒரு கரும்பாறையின் உட்புறத்தில் காலை வெயில் சாய்ந்து விழுந்தது. அங்கே, வரிசையாக, அடுக்கிவைத்த கிண்ணங்கள்போல், பாறையின் குறுக்கே ஒரு முதுகெலும்பு ஓடியது. அதன் ஒரு முனையில், அவள் கையைவிட நீளமான தாடையும் பற்களும் இருந்தன.

அவள் கல்லைத் தொடக்கூட இல்லை. பக்கத்தில் அளவு நாடாவை வைத்து, எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்தாள். அந்த இடத்தை ஜிபிஎஸ் கருவியில் பதிவு செய்தாள். கீழே வந்து படங்களைக் காட்டியபோது ஜீனத் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து, தூத்துக்குடியில், நவமணி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அந்தப் படங்களைக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். கனகவேலும் ஜீனத்தும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். வரும் மாதம் புதிதாக மலையேற வருகிறவர்களுக்கு முதல் பாடம் அடுப்பைப் பற்றித்தான், அதை நடத்தப்போவதும் பியூலாதான் என்று கனகவேல் சொல்லிக்கொண்டிருந்தார். நவமணி அதைக் காதில் வாங்கவில்லை. ஒரு விரலால் எலும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"நான் இருபத்தாறுன்னு எழுதினேன்" என்றார். "இருபத்தேழு இருக்கு. அந்தக் குளுருல ஒண்ண விட்டுட்டேன்."

"பரவால்லம்மா. இப்ப என்ன?"

"பரவால்லையா? என் அறிக்கையில தப்பு இருக்கலாமா?" நவமணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மேசைக்குப் போய் உட்கார்ந்து, வெள்ளைத்தாள் ஒன்றை முன்னால் இழுத்து, அலுவலகத்தின் பெயரை எழுதி, அதன் கீழே 'திருத்தம்' என்று எழுதி அழுத்தமாக அடிக்கோடிட்டார்.