மூன்று மணிக்கு பிஷப்பைச் சுட வேண்டும்!

"வீ...ல்!"

சுற்றுலாப் பயணிகளில் ஒருத்தி போட்ட அலறலில், மடில்கோம்ப் தேவாலயக் கோபுரத்துக் காக்கைகள் மொத்தமும் எழும்பிப் பறந்தன.

காலை மணி பத்து.

மேல் வயலில், ஈரப் புல்லில், ஒரு மனிதர் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. முதுகுப்பை மட்டும் முதுகிலேயே பத்திரமாக இருந்தது.

ஆறடி தள்ளி ஒரு கறுப்புக் காளை. ஒரு டன் எடை. பெயர் பிஷப்.

"யாரும் அசையாதீங்க!" வழிகாட்டியும் ஊர் மன்ற உறுப்பினருமான ரூப்பர்ட் வின்டர்போர்ன் கைத்தடியை உயர்த்தினார். "கொலைகாரக் காளை! நானூறு வருஷமா இந்த ஊர்ல வாழ்ற குடும்பம் எங்களுது. நான் படிச்சுப் படிச்சு சொன்னேன்... யார் கேட்டா?"

கிராமத்துப் பிரபுக்கள் அணியும் ட்வீட் கம்பளிக் கோட்டு. ட்வீட் தொப்பி. அந்த வேஷத்தைப் பார்க்கத்தான் தலைக்குப் பதினைந்து பவுண்டு கொடுத்து வருகிறார்கள்.

மடில்கோம்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தேன் நிறக் கல் வீடுகள். வைக்கோல் கூரைகள். கூரைக்குக் கீழே லண்டன்காரர்கள். வெள்ளி மாலை வருவார்கள், ஞாயிறு மாலை போவார்கள். நடுவில் சேவல் கூவினால் புகார் எழுதுவார்கள்!

இறந்தவர் டெஸ்மண்ட் ஆக்லி. அறுபத்தெட்டு வயது. லீட்ஸில் ஆவணக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று நாளாக பப் மாடியில் தங்கி, பகலில் சுற்றுவட்டாரப் பாதையெல்லாம் நடந்து, மாலையில் தேவாலயத்துப் பழைய பதிவேடுகளைப் புரட்டிக் கொண்டிருந்தார்.

நல்ல மனிதர். அதனால்தான் செத்தார்.

* * *

டிடெக்டிவ் இன்ஸ்பெக்டர் மார்த்தா பிரிக்ஸ் வந்து இறங்கியபோது மணி பன்னிரண்டு.

ஊர் மன்றத் தலைவி பெனலோப்பி கார்ட்ரைட் முத்து மாலையைத் தடவியபடி ஓடி வந்தாள்.

"இன்ஸ்பெக்டர், சீக்கிரம் முடிச்சிடுங்க. நாளைக்கு 'சுத்தமான கிராமம்' போட்டிக்கு நடுவர்கள் வர்றாங்க. மூணு வருஷமா கோப்பை எங்களுக்குத்தான்!"

"பிணம் கிடந்தா மார்க் குறைப்பாங்களோ?"

"கண்டிப்பா! காளையைச் சுட ஆள் சொல்லியாச்சு. மூணு மணிக்கு வர்றான். அப்படியே அந்த ஹெட்டியோட சாணக் குவியலையும்..."

"அதையும் சுடணுமா, மேடம்?"

பெனலோப்பி முகத்தைத் திருப்பிக் கொண்டாள்.

சார்ஜென்ட் காலின் டட்டன் காதருகே வந்தான். "டாக்டர் சொல்றார்... சாவு ஏழுலேர்ந்து எட்டுக்குள்ள. பலமான அடி. காளை முட்டியிருக்கலாம். கட்டையாகவும் இருக்கலாம்."

"டாக்டருக்கு எது வேணா இருக்கலாம். காளைக்காரி எங்கே?"

ஹெட்டி கிரப் தொழுவத்து வாசலில் நின்றிருந்தாள். அறுபத்தொரு வயது. ரப்பர் பூட்ஸ். உள்ளே பிஷப் புல் மென்று கொண்டிருந்தது, தன் மேல் கொலைப் பழி இருப்பது தெரியாமல்.

"இன்ஸ்பெக்டரம்மா... என் பிஷப் ஈயை ஓட்டக்கூட வாலைத் தூக்க யோசிக்கிறவன். அவன் போனா என் பண்ணையும் போச்சு. ஆளைக் கொன்ன காளையோட கன்னுக்குட்டியை எவன் வாங்குவான்? அதுக்குத்தானே இவங்க எல்லாரும் காத்திருக்காங்க!"

"அழறதை அப்புறம் வச்சுக்கலாம். காலைல என்ன நடந்தது, வரிசையா சொல்லுங்க."

"நேத்து சாயங்காலம் மேல் வயல்ல தண்ணிக் குழாய் வெடிச்சிருச்சு. தண்ணித் தொட்டி கீழ் வயல்லதான் இருக்கு. அதனால காலைல ஆறு மணிக்கு ரெண்டு வயலுக்கும் இடையில இருக்கிற நடுக் கேட்டைத் திறந்து, வைக்கோல் கட்டுற நீலக் கயித்தால தூணோட சேர்த்துக் கட்டினேன். அவன் போய்க் குடிச்சுட்டு வரட்டும்னு. அப்புறம் சந்தைக்குப் போயிட்டேன். திரும்பி வந்தா..."

"திரும்பி வந்தா?"

"கேட்டு சாத்தியிருக்கு! கயித்தைக் காணோம்! என் பிள்ளை தாகத்துல கத்துறான்... பக்கத்துல பிணம்!"

மார்த்தாவின் புருவம் உயர்ந்தது.

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யார் என் பக்கத்துல வர்றாங்க சொல்றதுக்கு? நாத்தம் அடிக்குதாம்!"

"நல்லது. வாயைத் திறக்காதீங்க."

* * *

"கேட்டுல என்ன இருக்கு மேடம்?" என்றான் காலின், வயலில் நடந்தபடி.

"நீ எந்த ஊர்?"

"பர்மிங்ஹாம்."

"அதான் கேக்குறே. நான் பண்ணைக்காரன் மக. கிராமத்துல ஒரே ஒரு சட்டம்... திறந்திருந்த கேட்டைத் திறந்தே விடு, சாத்தியிருந்ததைச் சாத்திட்டுப் போ. ஆக்லி நாப்பது வருஷமா வயல் வயலா நடந்த மனுஷன், அவர் தொட்டிருக்க மாட்டார். கயிறு அவர் பையிலயும் இல்லை."

"அப்போ... காளையைப் பிணத்தோட வச்சுப் பூட்டணும்னே யாரோ சாத்தியிருக்கான்!"

"பரவாயில்லையே, பர்மிங்ஹாமும் யோசிக்குது! அவன் பட்டணத்தான். இந்தச் சட்டம் தெரியாதவன், சாத்தின கேட்டே காட்டிக் கொடுக்கும்னு யோசிக்கலை. ஹெட்டி பண்ணை போகட்டும்னு காத்திருக்கிற ஊர் மன்றத்து ஆளுங்க ஏழு பேரையும் கீழ் வயலுக்கு வரச் சொல்லு. வாக்குமூலத்துல கையெழுத்து போடணும்னு சொல்லு. ஒவ்வொருத்தரா வரணும். நடுக் கேட்டு வழியா!"

மணி இரண்டரை.

நடுக் கேட்டு அகலத் திறந்து கிடந்தது. கயிறு கிடையாது. சும்மா திறந்த கேட்டு.

கீழே மார்த்தா. பக்கத்தில் ஹெட்டி, கையைப் பிசைந்தபடி.

முதலில் பெனலோப்பி வந்தாள். வந்தாள்... திரும்பினாள்... கேட்டை மென்மையாகச் சாத்தினாள்!

காலின் ஓடிப் போய் மறுபடி திறந்து வைத்தான்.

இரண்டாவது, ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. சாத்தினார்!

மூன்றாவது, மட்பாண்டம் செய்கிற அம்மாள். சாத்தினாள்!

நான்கு... ஐந்து... ஆறு...

சாத்தினார்கள்!

காலின் மூச்சு வாங்கினான். "மேடம்... ஆறு பேரும்! இந்த ஊர்ல கிராமத்தானே கிடையாதா?"

மார்த்தா பல்லைக் கடித்தாள். வலை விரித்தால் மொத்தக் குளமும் மாட்டுகிறது!

தூரத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. துப்பாக்கிக்காரன் இறங்கிக் கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு ஐம்பது.

"என் பிஷப்..." ஹெட்டியின் குரல் உடைந்தது.

ஏழாவது ஆள் வந்தார். ரூப்பர்ட் வின்டர்போர்ன்.

கைத்தடியைச் சுழற்றியபடி நடந்தார். கேட்டைக் கடந்தார்.

தொடவே இல்லை!

திறந்தது திறந்தபடியே!

நேராக மார்த்தாவிடம் வந்து, மற்ற ஆறு பேரையும் ஏளனமாகப் பார்த்தார்.

"பார்த்தீங்களா இன்ஸ்பெக்டர்? பட்டணத்துப் பசங்க! கேட்டைக் கண்டாலே சாத்துவாங்க. நாமெல்லாம் அப்படியா? நானூறு வருஷ ரத்தம்! தொட்டி இந்த வயல்ல இருக்கு, மாடு தண்ணிக்கு வர வேணாமா? அதுக்குத்தானே ஹெட்டி எப்பவும் நீலக் கயித்தால தூணோட கட்டி வைப்பாங்க!"

ஹெட்டியின் வாய் பிளந்தது.

"எப்பவுமா?" என்றாள் மார்த்தா, தேன் குரலில்.

"எப்பவும்! சின்ன வயசுலேர்ந்து பார்க்கிறேன்."

"ஹெட்டி... இந்தக் கேட்டை இதுக்கு முன்னாடி எப்போ கட்டி வச்சீங்க?"

"கட்டினதே இல்லியே! மேல் வயல்ல நேத்து வரைக்கும் குழாய்ல தண்ணி வந்துச்சு. இந்தக் கேட்டு நாப்பது வருஷமா சாத்தியே கிடந்தது. இன்னைக்குக் காலைலதான் முதல் தடவை!"

ரூப்பர்ட்டின் சிரிப்பு உதட்டிலேயே செத்தது.

"காலைல ஆறு மணிக்குக் கட்டின கயிறு," மார்த்தா நெருங்கினாள். "பத்து மணிக்கு உங்க பன்னிரண்டு சாட்சிகளோட நீங்க வர்றப்போ இல்லாத கயிறு. அதைப் பார்த்திருந்தா, அதை அவுத்த ஆளுதான் பார்த்திருக்கணும்... காலின், கோட்டுப் பை!"

காலின் கையை விட்டான்.

எடுத்தான்.

நீலக் கயிறு!

"ஏன்யா, வேலிக்கு அந்தப் பக்கம் வீசியிருக்கலாமே?" காலினுக்கே தாங்கவில்லை.

"வீசுறதா?" ரூப்பர்ட் உண்மையிலேயே அதிர்ந்தார். "நாளைக்கு நடுவர்கள் வர்றாங்க!"

பெனலோப்பி தன்னை மறந்து தலையாட்டினாள். கொலை செய்யலாம்... மடில்கோம்ப்பில் குப்பை போடக் கூடாது!

மார்த்தா கைத்தடியைப் பிடுங்கிப் பார்த்தாள். பித்தளைப் பூண் போட்ட கனத்த உருண்டைத் தலை. பூணுக்கு அடியில் ஒரு பழுப்புக் கோடு.

"கழுவினீங்க. பூணுக்குள்ள கழுவலை. ஏன் கொன்னீங்க?"

ரூப்பர்ட் புல்லில் உட்கார்ந்து விட்டார். ட்வீட் கோட்டு ஒரு காலிச் சாக்கு மாதிரி சரிந்தது.

"நேத்து பப்ல என் காதுல சொன்னான்... 'உங்க நிஜப் பேர் கெவின் ஸ்பிராட்னு எனக்குத் தெரியும். நாளைக்கு ஊர்க் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லப் போறேன்'னு! சிரிச்சுக்கிட்டே சொன்னான்! லண்டன் பக்கம் க்ராய்டன்ல எங்கப்பா தரைவிரிப்புக் கடை வச்சிருந்தார். இது தெரிஞ்சா இந்த ஊர்ல என்னை எவன் மதிப்பான்? வாங்க, காலைல ஒரு நடை போலாம்னு கூப்பிட்டேன்..."

"தரைவிரிப்பா!" பெனலோப்பி மூன்றடி பின்வாங்கினாள். கொலைக்குக்கூட அவள் இத்தனை தூரம் பின்வாங்கவில்லை.

மார்த்தா துப்பாக்கிக்காரனைப் பார்த்துக் கையசைத்தாள். "நீ போலாம்ப்பா! பிஷப் நிரபராதி!"

ஹெட்டி தொழுவத்தை நோக்கி ஓடினாள்.

பப் மாடியில் ஆக்லியின் அறையைச் சோதித்த கான்ஸ்டபிள் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு வந்து நீட்டினான். மார்த்தா புரட்டினாள். ஒரு பக்கத்தில் நின்றாள். விலங்கு மாட்டிய கெவின் பக்கம் மெல்லத் திரும்பினாள்.

"கெவின்... ஆக்லி கடைசியா எழுதினதை வாசிக்கிறேன், கேளுங்க. 'ஸ்பிராட் குடும்பம், மடில்கோம்ப் பதிவேட்டில் 1611 முதல். தொழில், பன்றித் தொழுவம் கூட்டுதல். கடைசி ஸ்பிராட் 1790இல், கிரப் என்பவரின் ஆட்டைத் திருடியதற்காகத் தூக்கிலிடப்பட்டான். மனைவி மக்கள் க்ராய்டனுக்குப் போனார்கள். வழிகாட்டி பொய் சொல்லவில்லை. சொல்வது உண்மை என்று அவருக்கே தெரியாது! கூட்டத்தில் வம்சப் படத்தைச் சட்டம் போட்டுப் பரிசளிக்க வேண்டும். பாவம், மிகவும் சந்தோஷப்படுவார்.'"

கெவின் நோட்டை எட்டிப் பிடிக்கப் பார்த்தார்.

"நானூறு வருஷம், கெவின். அசல் ரத்தம். இந்த ஏழு பேர்ல நீங்க ஒருத்தர்தான் நிஜ மடில்கோம்ப்காரர். அதுக்கு ஆதாரம் கொண்டு வந்த ஒரே மனுஷனை..."

"அன்னைக்கு எங்க ஆடு, இன்னைக்கு எங்க காளை!" தொழுவத்து வாசலிலிருந்து ஹெட்டி கத்தினாள். "பரம்பரை பரம்பரையா எங்க மந்தை மேலயே கண்ணுடா உங்களுக்கு!"

காலின் கெவினை இழுத்துக் கொண்டு நடந்தான்.

நடுக் கேட்டு வந்தது.

கடந்ததும், பழக்க தோஷம்... கெவினின் விலங்கிட்ட கைகள் தானாகக் கேட்டைச் சாத்தப் போயின!

"விடுங்க கெவின்," என்றாள் மார்த்தா. "இனிமே உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். நீங்க போற இடத்துல... கேட்டை அவங்களே சாத்திப்பாங்க!"