மூன்றாம் நாள்... மொட்டைப்பாறை!

செல்போன் அலறியது.

ராயபுரம் வீட்டில் தோசை சுட்டுக்கொண்டிருந்த கீர்த்தி திரையைப் பார்த்தாள். கரண்டி கை நழுவித் தரையில் விழுந்தது.

புருஷன் மனோகரன்!

"கீ... கீர்த்தி..."

"யோவ்! இன்னாய்யா ஆச்சு? கொரல் ஏன் இப்டி கீது?"

"ஆத்துல வியுந்துட்டேன்... எங்கியோ இஸ்துகினு வந்துடுச்சு. கால் ஒடஞ்சி போச்சு... ஒரு பாறை மேல கீறேன். தண்ணி ஏறிக்கினே வருது கீர்த்தி!"

அது மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக் கிடந்தன. பிறந்ததிலிருந்து கடலையே பார்த்துச் சலித்த மனோகரன், தோஸ்து அர்ஜுனோடு மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிளம்பியிருந்தான். வனத்துறை அனுமதியோடு ஐந்து நாள் காட்டு நடை. அறுபது கிலோமீட்டர்! இன்று மூன்றாம் நாள்.

கடலில் போகிற பழக்கத்தில் போனை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு இடுப்பில் கட்டியிருந்தான். அதனால் போன் பிழைத்தது. ஆள் பிழைப்பானா?

"எந்த எடம்யா? கரெக்டா சொல்லு!"

"தெரில... நாலு பக்கமும் காடு..."

"கடல்ல எடம் பாப்பியே... அத்த மாதிரி பாத்து சொல்லுய்யா! எடம் தெரிஞ்சாதான ஆள் அனுப்ப முடியும்!"

நடுக்கடலில் மீன் கிடைத்த இடத்தை மீனவர்கள் அப்படித்தான் குறித்துக்கொள்வார்கள். கரையில் லைட்ஹவுஸும் சர்ச் கோபுரமும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளம். இரண்டு கோடும் எங்கே வெட்டுகிறதோ, அதுதான் இடம்! படகுக்காரர் மகளான கீர்த்திக்கு இது அரிச்சுவடி.

மறுமுனையில் தண்ணீரின் இரைச்சல் மட்டும்...

"எய்திக்கோ. வாட்ச் டவர்... அதுக்கு நேர் பின்னால மொட்டைப்பாறை. இந்தாண்ட அருவி... அதும் பின்னால ரெட்டை மலை. சார்ஜ் மூணு பர்சன்ட்தான் கீது..."

"போதும்யா! அசையாம இரு!"

துண்டித்தாள். அடுத்த நொடி வேறு எண்ணை அழுத்தினாள்.

போலீஸா? இல்லை. வனத்துறையா? அதுவும் இல்லை.

அர்ஜுன்!

"இன்னாடா கிழிச்ச நீ? செத்துட்டான்னு சொன்ன... போன் பண்ணி பேசறான்!"

"இன்னா சொல்ற? அம்மாம் வெள்ளத்துல தள்ளுனேனே!"

"எடம் சொல்றேன், குறிச்சிக்கோ. போய் முடி! அவன் வூட்டுக்கு வந்தா நாம ரெண்டு பேரும் காலி!"

ஒரு மணி நேரம் போனது. இரண்டு... மூன்று...

கீர்த்தி கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். கருகிய தோசையை யாரும் எடுக்கவில்லை.

போன் ஒலித்தது. அர்ஜுன் நம்பர்! பாய்ந்து எடுத்தாள்.

"முடிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல கீர்த்தி."

மனோகரனின் குரல்!

"நீ... நீ எப்டி..."

"மூடுபனில ரெண்டு கை என் முதுகுல பட்டுச்சு. அத்தச் சொல்லி அழத்தான் ஒனக்கு அட்ச்சேன். நீ இன்னா கேட்ட? எடம் எடம்னு எடத்தையே கேட்ட. கூடப் போன அர்ஜுன் இன்னா ஆனான்னு ஒரு வார்த்தை கேக்கல. அப்பவே புரிஞ்சி போச்சுடி. கால் வலி தெரில. நெஞ்சுதான் வலிச்சுது!"

"யோவ்... நான் சொல்றத கேளுய்யா..."

"மிச்சம் இருந்த சார்ஜுல, பர்மிட் சீட்டுல கீற நம்பருக்குப் போன் போட்டேன். நான் கீற எடம், ஒனக்குச் சொன்ன எடம்... ரெண்டையும் ரேஞ்சருக்குச் சொன்னேன். ஒனக்குச் சொன்ன எடத்துல நாலு பாரஸ்ட் கார்டுங்க ஒளிஞ்சிகினு நின்னாங்க. ஒன் ஆளு கையில பாறாங்கல்லோட வந்தான். அப்டியே அமுக்கிட்டாங்க! அவன் போன்லதான் பேசறேன்."

வாசலில் ஜீப் வந்து நிற்கும் சத்தம். பூட்ஸ் கால்கள். கதவு தடதடவென்று தட்டப்பட்டது!

கீர்த்தி ஆத்திரத்தில் வீறிட்டாள்.

"பாவி! சாவற நேரத்துல கூட பொண்டாட்டி கிட்ட பொய் எடத்த சொன்னியா?"

"கடலுக்குப் போறவன் எவன்டி கரையில கீறவங்களுக்கு நெஜ எடத்த சொல்லுவான்? உங்க நைனா சாவற வரைக்கும் உங்கம்மாவுக்கே சொன்னதில்லையே!"